நல்ல தண்ணி

தனியாக வாடகைக்கு வீடு கேட்டு வருகிற பெண்ணிடம் வீட்டுக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்க என்ன ஆளுங்க, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆபீஸ் விட்டு எத்தனை மணிக்கு வருவாய், யார் யார் வந்து போவார்கள். மாவட்டம் பிரிந்த புதிதில் கலெக்டர் ஆபீஸுக்கு டைப்பிஸ்டாக மாற்றலாகி நான் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது, எல்லாவற்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அந்த வீட்டுக்கார அம்மா இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வாசலில் நிறுத்தி, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொடம் எத்தினி வெச்சிருக்க?"

"ஒண்ணுங்க."

அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. உள்பக்கம் திரும்பி, "இன்னாங்க, இங்க வந்து பாருங்க! ஒத்தக் கொடத்த வெச்சிக்கினு ஊர வுட்டு ஊரு வந்துட்டுது இந்தப் பொண்ணு!" என்று கணவரைக் கூப்பிட்டார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் எட்டிப் பார்த்து, இதற்கு நான் என்ன செய்வது என்ற முகத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வாடகை, அட்வான்ஸ் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கட்டில் மாடிக்கு ஏறுவதற்கு முன்பே, அவர் கொடுத்த இரண்டு குடமும் ஒரு பழைய பெயிண்ட் வாளியும் ததும்பத் ததும்ப ஏறிவிட்டன.

அவரை அத்தை என்றும் அவர் கணவரை மாமா என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் 'தண்ணிக்காரம்மா'. அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கள்ளக்குறிச்சியில் குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. எல்லா வீட்டிலும் பிடித்துத்தான் வைப்பார்கள். ஆனால் அத்தை பிடித்து வைப்பது தேவைக்கு அல்ல. அது ஒரு பக்தி. அண்டா, தவலை, குடம், நீல ட்ரம், மாவு டப்பா, பிரியாணி வாங்கி வந்த வாளி என்று வாய் திறந்திருக்கிற எதையும் அவர் சும்மா விட்டதில்லை. கூடத்தில் இடம் போதவில்லை என்று சோபாவை விற்றுவிட்டு அந்த இடத்தில் ட்ரம்களை வைத்தார். விருந்தாளிகள் ட்ரம்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள்.

இவ்வளவு தண்ணீரில் ஒன்றையும் அவர் மூட மாட்டார். மூடி இருந்தாலும் மூட மாட்டார்.

"மூடி வெச்சா உள்ள இருக்குதா இல்லியான்னு மனசு அடிச்சிக்கினே இருக்கும்மா. தண்ணி கண்ணுக்குத் தெரியணும்" என்பார். சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கும்போது போகிற வழியில் ஒவ்வொரு ட்ரம்மையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார். தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்க்கிற தாய்க்கு அந்த மாதிரி ஒரு முகம் இருக்கும்.

தெருவில் யாரைப் பார்த்தாலும் நல்லா இருக்கியா என்று கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "தண்ணி வந்துச்சா?" அவ்வளவுதான். வந்தது என்றால் அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். "காசு இல்லாதவன் கடன் வாங்கலாம், தண்ணி இல்லாதவன் இன்னாத்த வாங்குவான்?" என்பது அவர் சொந்தமாகச் செய்த பழமொழி. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் கழுவும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசல் தெளிக்கும். சொம்பில் அரை வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால், "குடிச்சிட்டுப் போ, இல்லன்னா முருங்கைக்கு ஊத்து. கொட்டாத" என்று குரல் வரும். அவர் அகராதியில் கொட்டுவது என்பது கொலைக்கு அடுத்தபடி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயிலுக்குத் தவறாமல் போவார். பிரசங்கத்தில் கானாவூர்க் கல்யாணம் வந்துவிட்டால் அன்று முழுக்க உற்சாகம்தான். ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய அற்புதம் அவருக்கு முக்கியமே இல்லை. "ஜாடிய எல்லாம் ரொப்பி வெக்கச் சொன்னாருல்ல, அத பாரு. காலி ஜாடியா இருந்திருந்தா அவரால இன்னா பண்ணியிருக்க முடியும்?" என்று என்னிடம் கேட்டார். மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் பிறந்தது நைனார்பாளையம் பக்கம். மானாவாரிக் காடு. பெண் பார்க்க மாமா வீட்டார் வந்த கோடையில் ஊர்க் கிணறு வற்றிக் கிடந்ததாம். வந்தவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. கடைசியில் கடையில் போய்க் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள்.

"அவங்க நம்மள பெரிய வசதின்னு நெனச்சிக்கினாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், ஒரு சொம்புத் தண்ணி இல்லாத வூட்டுப் பொண்ணுன்னு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எழுந்து போய் ட்ரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த அத்தைக்கு எதிராகத்தான் நகராட்சி ஒரு மைக் ஆட்டோவை அனுப்பியது. "பொதுமக்கள் கவனத்திற்கு! டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் உற்பத்தியாகிறது!" என்று அது தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனது. அரசாங்கம் சொன்னது சுத்தமான தண்ணீர் என்ற அர்த்தத்தில். எங்கள் பக்கத்தில் 'நல்ல தண்ணி' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குழாயில் வருகிற, குடிக்கிற, சோறு வடிக்கிற, சண்டை போட்டுப் பிடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணி.

அத்தை வாசலில் நின்று அறிவிப்பை முழுக்கக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியாம்மா? நல்ல தண்ணியிலதான் வருமாம். கவர்மெண்டே சொல்லிட்டான். நம்ம வூட்ல எல்லாத்துலயும் புழு இருக்குது!"

மைக் ஆட்டோ கொடுத்த எச்சரிக்கையை அவர் நற்சான்றிதழாக வாங்கி வைத்துக்கொண்டார். அது வரைக்கும் எறும்பு, தூசு என்று லேசாக உறுத்திய அந்த நெளிகிற சின்னப் புழுக்கள் ஒரே நாளில் தரச் சோதனை அதிகாரிகளாகிவிட்டன.

அடைமழை முடிந்ததும் கொசுப்புழு பார்க்க வாரா வாரம் ஒரு பெண் வருவாள். மாலா என்று பெயர். ஒரு கையில் டார்ச் லைட், ஒரு கையில் கரண்டி. முதல் ட்ரம்மில் ஒரு கரண்டி மொண்டு அத்தை முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்கம்மா, எப்பிடி நெளியுது பாருங்க."

அத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா. இன்னா சுறுசுறுப்பு!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதிர்வூட்டு டீச்சர் வூட்ல எப்பிடி?" என்று கேட்டார்.

"அங்க ஒண்ணும் இல்லிங்க."

"அதான பாத்தன்" என்றார் அத்தை. "பாவம், அவங்க தண்ணி புழுவுக்கே புடிக்கல."

எதிர்வீட்டு டீச்சருக்கும் அத்தைக்கும் பேச்சு கிடையாது. காரணம் ஒரு எவர்சில்வர் சொம்பு. டீச்சர் எதற்கோ மோர் கொடுத்தனுப்பிய சொம்பு திரும்பி வரவில்லை என்பது டீச்சர் கட்சி. கொடுத்துவிட்டேன் என்பது அத்தை கட்சி. ஒரு சொம்புக்காக இரண்டு படித்த குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாலா ட்ரம்மைச் சாய்க்கப் போனாள். அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"எத வேணா கொட்டு. தண்ணிய கொட்டாத!"

"கொட்டித் தேச்சிக் கழுவணும்மா. சுவத்துலதான் முட்ட ஒட்டிக்கினு இருக்கும்."

"நா வடிகட்டிக்கறன். நீ அடுத்த வூட்டப் பாரு."

சொன்னபடி மாமாவின் பழைய லுங்கியில் வடிகட்டவும் செய்தார். புழு போனது. சுவரில் இருந்த முட்டை போகவில்லை. அடுத்த வாரம் புதுப் புழு.

மாலா வருகிற நாள் வியாழன் என்று கண்டுபிடித்ததும் அத்தை வேறு வழிக்குப் போனார். வியாழக்கிழமை காலையில் ட்ரம்களின் மேல் பலகை போட்டு, பலகை மேல் துணி விரித்து, நடுவில் மாதா சுரூபத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். மாலா அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டாள்.

"போன வாரம் மாதா அந்த மூலையில இருந்தாங்களேம்மா?"

"இந்த வாரம் இங்க வந்துட்டாங்க."

மாலா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள், மாதாவின் புண்ணியத்தில், அந்த வீட்டு ட்ரம்கள் கொசு நுழைய முடியாமல் மூடிக் கிடந்தன. மற்ற ஆறு நாளும் நாங்கள் பட்டப் பகலில் காலைச் சொறிந்துகொண்டிருந்தோம். தெருவில் அவ்வப்போது யாருக்காவது காய்ச்சல் வரும். அத்தை வீட்டில் மட்டும் வரவில்லை. அதுவும் அவர் தண்ணீரின் பெருமையில் சேர்ந்துவிட்டது.

அத்தைக்கு ஒரே பெண், ஸ்டெல்லா. கல்வராயன் மலையில் உறைவிடப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. ஒரே குறை, மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

"எங்க ஊர்ல சித்திர மாசத்துலயும் கம்பளிதான் அத்த. ஃபேனுன்னு ஒண்ண நாங்க பாத்ததே இல்ல. கொசுவாவது! அது மல ஏறாது அத்த."

அத்தைக்குக் கொசு விஷயத்தில் அக்கறை இல்லை. "தண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடையில எப்பவும் ஓடிக்கினே இருக்கும். கறுப்பு ஓஸ் பைப்பு போட்டு வுட்டிருக்கறம். வூட்டு வாசல்ல கொட்டிக்கினே இருக்கும்."

கொட்டிக்கினே என்ற சொல்லைக் கேட்டதும் அத்தைக்கு லேசாக மயக்கம் வந்த மாதிரி இருந்தது.

சீர் ஏற்றுகிற அன்று பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வேனில் ஏறிய பிறகு, அத்தை கூடத்திலிருந்து இரண்டு நீல ட்ரம்களை உருட்டிக்கொண்டு வந்தார். பெண்ணைப் பிரிகிறபோது வராத கண்ணீர் அந்த ட்ரம்களைப் பிரிகிறபோது வந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அவற்றின் தண்ணீரைக் கல்யாணப் பாத்திரம் கழுவக் காலி செய்து, வெயிலில் காய வைத்திருந்தார். உள்ளே தேய்க்கவில்லை. தேய்த்தால் கழுவ வேண்டும், கழுவினால் தண்ணீர் செலவு.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "ஓட்ற தண்ணிய வெச்சிக்கினு ட்ரம்மு இன்னாத்துக்கு சம்பந்தி?"

"இருக்கட்டும் சம்பந்தி. இப்பிக்கி அரிசி போட்டு வெச்சிக்கோங்க. ஓட்ற தண்ணி ஓடிக்கினே இருக்காது."

அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழைக்குப் புத்தி கெட்டுப்போனது. ஐப்பசியில் வெயில் அடிக்கும். சித்திரையில் திடீரென்று ஒரு நாள் ஊரே மிதக்கிற மாதிரி கொட்டிவிட்டு ஓடிவிடும். முன்பெல்லாம் அடைமழை முடிந்த கையோடு மட்டும் வருகிற மாலா இப்போது வருஷம் முழுக்க வந்தாள். "மழ பெஞ்சா தேங்கற தண்ணியில வருது, பெய்யலன்னா புடிச்சி வெக்கிற தண்ணியில வருது. வெயிலு ஏற ஏற சீக்கிரமா பொரிக்குது. எங்களுக்கு லீவே கெடையாதுக்கா" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஸ்டெல்லா போன் செய்தாள். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. இவுரு ஃபேன் வாங்கிட்டாரு."

"மலையிலயா?"

"ரெண்டு. வெச்சிக்கினும் தூக்கம் இல்ல. ஓடையும் சன்னமாய்டுச்சி. ஓஸ்ல காலையில கொஞ்ச நேரம் வருது, அப்பறம் காத்துதான்."

இன்னொருவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொன்னன்ல? சம்பந்தியம்மா சிரிச்சாங்கல்ல? அரிசிய எடுத்து வேற எதுலயாவது போடு. ட்ரம்ம ரொப்பு. ரெண்டையும் ரொப்பு!" என்றார். அன்று மாலை தெரு முழுக்க, மலையிலேயே ஓடை வற்றியதையும் தன் ட்ரம் மட்டும் நிறைந்ததையும் சொல்லிக்கொண்டு போனார். டீச்சர் வீட்டு வாசலில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஃபேன் ஏறிய மலைக்குக் கொசு ஏறாதா என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து அடுத்த நல்ல செய்தி. "ஸ்டெல்லா முழுகாம இருக்கா!" என்று படியேறி ஓடி வந்து சொன்னார். முழுகாததால் தண்ணீர் மிச்சமாவதில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை என்று கிண்டல் செய்தேன். வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு என்னை அடக்கினார்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் காய்ச்சல் வந்தது. பள்ளி விடுதியில் சில பிள்ளைகளுக்கு வந்து, பிறகு ஸ்டெல்லாவுக்கு. மலைக் குளிர்தான் என்று கஷாயம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணைத் திறக்க முடியாத தலைவலி, எலும்பை முறிக்கிற வலி என்றதும் மாப்பிள்ளை கார் பிடித்துக் கீழே கொண்டுவந்துவிட்டார். ரத்தம் பார்த்தார்கள். டெங்கு.

பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. டாக்டர் பெண் சின்ன வயது, பொறுமைசாலி. "இதுக்குன்னு தனியா மருந்து இல்லம்மா. காய்ச்சலுக்கு மாத்திரை, உடம்புல தண்ணி கொறையாம பாத்துக்கணும். அவ்ளோதான். தண்ணிதான் மருந்து" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தண்ணியா? அத என்கிட்ட வுடுங்க."

அதற்குப் பிறகு உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, இளநீர் என்று டம்ளர் டம்ளராகக் கட்டிலைச் சுற்றி அணிவகுத்து நின்றன. ஸ்டெல்லா வாயைத் திறந்தால் போதும், பேசுவதற்கா குடிப்பதற்கா என்று பார்க்காமல் ஊற்றினார். "ட்ரம் ரொப்பற மாதிரி ரொப்பாதீங்கம்மா, ஜாஸ்தியானாலும் ஆபத்து. அளவு நாங்க சொல்றோம்" என்று நர்ஸ் வந்து டம்ளரைப் பிடுங்கினார். தண்ணீரில் ஜாஸ்தி என்று ஒன்று இருக்கிறது என்பதை அத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார்.

காய்ச்சல் விட்டது. அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "மாதாவே!" என்று கையெடுத்துக் கும்பிட்டு, ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தார். டாக்டர் ஒரு மிட்டாயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். "இனிமேதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும். காய்ச்சல் விடற நேரத்துலதான் சில பேருக்கு மோசமாகும். ரத்தத்துல பிளேட்லெட்டு கொறைஞ்சிக்கினே வருது. வயித்துல வேற கொழந்த."

அத்தை மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று அவர் யாரிடமும் தண்ணி வந்துச்சா என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மதியம் மாலா வந்தாள். காய்ச்சல் வந்தவர்கள் வீடு எது, சுற்றுப்புறம் எப்படி என்று விசாரிப்பது அவள் வேலை. மலையில் தண்ணீர் எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை ட்ரம்மைச் சொன்னார்.

"எங்க வாங்குனது?"

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். மாலா புரிந்துகொண்டுவிட்டாள்.

"அனுப்பும்போது உள்ள தேச்சிக் கழுவித்தானம்மா அனுப்பினீங்க?"

"காய வெச்சன்" என்றார் அத்தை.

"காஞ்சாலும் முட்ட சாவாதும்மா. மாசக்கணக்குல அப்பிடியே ஒட்டிக்கினு இருந்து, தண்ணி பட்டதும் பொரிச்சிடும்." சொல்லிவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்து அவளே பதறினாள். "ஆனா அதுலதான் போச்சுன்னு சொல்ல முடியாதும்மா. பழைய டயர்ல போவும், பஸ்ஸுல போவும். முன்னல்லாம் மேல போனாலும் குளிருல தங்காது, இப்ப தங்கிக்குது. யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னது நியாயம். எந்தக் கொசு எதில் ஏறிப் போனது என்று டிக்கெட் கிழித்தா வைத்திருக்கிறார்கள்? ஆனால் அத்தை காதில் முதல் பாதிதான் விழுந்தது. மாலா போனதும் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வூட்டுக்குப் போ. மாமாவ இட்டுக்கினு போ. கொட்டிடு."

"எதங்க அத்தை?"

"எல்லாத்தையும்."

வாசல் வரை போனவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். மனசு மாறிவிட்டதோ என்று பார்த்தால், "சாக்கடையில கொட்டாத. முருங்கைக்கு ஊத்து. மிச்சத்த எதிர்வூட்டு டீச்சர் செடிக்கு ஊத்து. தேச்சிக் கழுவு. எவ்ளோ தண்ணி ஆனாலும் ஆவட்டும்" என்றார்.

நானும் மாமாவும் பக்கெட் பக்கெட்டாக மொண்டு ஊற்றினோம். முருங்கை மிதந்தது. டீச்சர் வீட்டுச் செம்பருத்தி நனைந்து, டீச்சரே வெளியே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் ஒரு பக்கெட்டை எடுத்தார். பெரிய ட்ரம்மைச் சாய்த்தபோது மாமா உள்ளே குனிந்து பார்த்து, "இதுக்கு அடின்னு ஒண்ணு இருக்குதுன்னே மறந்துட்டன்" என்றார். அந்த அடியில் பாசி பிடித்துக் கிடந்தது ஒரு எவர்சில்வர் சொம்பு. மாமா அதை வேட்டியில் துடைத்தார். டீச்சரின் பெயர் வெட்டியிருந்தது, இனிஷியலோடு.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு தேங்காய் நாரை எடுத்து ட்ரம்முக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் அதே சொம்பில் இளநீரை ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அத்தை சொம்பைத் திருப்பிப் பெயரைப் படித்தார். டீச்சர் முகத்தைப் பார்க்காமல், "குடுத்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தன்" என்றார். டீச்சர், "இப்ப குடுத்துட்டல்ல" என்றார். கதை முடிந்தது.

இரண்டு நாள் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் எடுப்பார்கள், காகிதம் வரும், மாப்பிள்ளை வாசிப்பார், அத்தை அவர் உதட்டையே பார்ப்பார். எண் என்ன என்று கேட்க மாட்டார். ஏறுச்சா, எறங்குச்சா, அது மட்டும். கடைசியில் ஒரு காலையில் மாப்பிள்ளை "ஏறிடுச்சி அத்த" என்றார். டாக்டர் வந்து வயிற்றில் கருவி வைத்துப் பார்த்து, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அத்தை அந்த டாக்டர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நர்ஸ் வந்து குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றினார். "சிஸ்டர், சிஸ்டர்! அடியில இன்னும் ரெண்டு சொட்டு இருக்குது!" என்றார் அத்தை. வார்டே சிரித்தது. அத்தை திரும்பிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஸ்டெல்லா மெதுவாகக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா, ஊர்ல எல்லாரும் சீரு குடுக்கும்போது பீரோ கட்டிலோட நிறுத்திக்குவாங்க. நீ கொசுவுமா வெச்சி அனுப்புவ?" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் அத்தை மகள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. அந்த அம்மா செய்த தப்பு என்ன? தன் பெண் எந்த வீட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீருக்குத் தலை குனியக் கூடாது என்று நினைத்தார்.

அதன் பிறகு ட்ரம்கள் மறுபடி நிறைந்தன. அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வாயையும் வெள்ளைத் துணி போட்டு இழுத்துக் கட்டினார். துணி எது என்று கேட்டால், மாமாவின் வேட்டிகள். இருந்த வேட்டி எல்லாம் ட்ரம்முக்குப் போய்விட, மாமா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆலையில் வேலை பார்த்த காலத்துக் காக்கி பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அத்தை கஷ்டப்பட்டதை நான் பார்த்தேன். போகிற வழியில் ஒவ்வொரு ட்ரம்மாக நின்று, விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார். தெருவில் கேட்கிற கேள்வியும் நீண்டுவிட்டது. "தண்ணி வந்துச்சா? கட்டிட்டியா?" வாரா வாரம் தேய்த்துக் கழுவுகிற நாளாக வியாழக்கிழமையை வைத்துக்கொண்டார். மாதா பழையபடி மூலைக்கே போய்விட்டார்.

பிறகு எனக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. போகும்போது ஒரு ட்ரம் கொடுத்தார். தேய்த்துக் கழுவி, ஒரு வேட்டியும் சேர்த்து.

ஸ்டெல்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் மலைக் கோயிலில். நானும் போயிருந்தேன். சின்னக் கோயில், புதிதாக மாட்டிய இரண்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தன. ஃபாதர் ஜெபங்களைச் சொல்லி முடித்துத் ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளிருந்த தண்ணீரை மொள்ளக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க ஃபாதர்" என்று ஒரு குரல்.

அத்தை பட்டுப் புடவை சரசரக்க முன்னால் போனார். செல்போனை எடுத்தார். டார்ச்சைப் போட்டார். தொட்டிக்குள் குனிந்து, சுவரோரம், அடி, மூலை என்று நிதானமாகச் சுற்றிலும் பார்த்தார். ஃபாதர் கையை நீட்டியபடி அப்படியே நின்றார். குழந்தை வாயைத் திறந்துகொண்டு பாட்டியைப் பார்த்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா உட்பட யாரும் சிரிக்கவில்லை.

அத்தை நிமிர்ந்து, டார்ச்சை அணைத்தார்.

"நல்ல தண்ணிதான் ஃபாதர்" என்றார். "ஊத்துங்க."